எங்களுக்குப் புரியாது என்று நீங்கள் எழுதாதீர்கள்: தமிழ்த் திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகர்களுக்கு,

வணக்கம். நாளிதழிலும் வார இதழிலும் எழுதுகிறவர்கள், வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்த கையோடு தியேட்டர் வாசலில் நின்று கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்கள், இரவு உட்கார்ந்து நிதானமாக நீண்ட கட்டுரை எழுதுகிறவர்கள் என எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிபாளையத்துக்காரன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாங்கள். ஊர் முழுக்க விசைத்தறி. சினிமா வியாபாரத்தின் பேச்சில் பெருநகரம் ஏ, அதற்கு அடுத்த நகரம் பி, எங்களைப் போன்ற சிற்றூர் 'சி சென்டர்'.

அந்த வார்த்தைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

கொஞ்ச காலத்துக்கு முன்பு ஒரு புது இயக்குநரின் சின்ன அறிவியல் புனைவுப் படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. படத்தின் பெயரையும், எழுதியவர் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ஒருவரைக் குறிவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டு காட்சி போட்டிருந்தார்கள். பள்ளி விட்டு மாலைக் காட்சிக்குப் போகலாம் என்று நான் டிக்கெட் கவுன்டரில் நின்றபோது, தியேட்டரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காலையில் வந்த விமர்சனம். கடைசி வரி இப்படி இருந்தது: நல்ல முயற்சி, ஆனால் மல்டிபிளெக்ஸ் ஆடியன்ஸுக்கு மட்டுமே, பி, சி சென்டர்களில் புரியாது.

"வாத்தியாருங்க, இப்படிப் போட்டிருக்காங்களே, நான் எதை நம்பி ஓட்டறதுங்க?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. கரண்ட் பில் கட்டுகிறவர் அவர். சனிக்கிழமை ஒரு காட்சியானது. ஞாயிற்றுக்கிழமை போஸ்டரின் மேல் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தது. சி சென்டருக்குப் புரியுமா புரியாதா என்பதைச் சி சென்டர்க்காரர்கள் பார்த்துச் சொல்வதற்குள் படம் போய்விட்டது.

அந்தப் படம் பெரிய படைப்பு என்று நான் வாதாட வரவில்லை. எனக்கே அதில் பிடிக்காதவை இருந்தன. என் மனதை அரித்தது அந்த ஒற்றை வரிதான். எங்கள் ஊரில் காலடி வைக்காத ஒருவர், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், எங்களுக்கு என்ன புரியும் என்று எங்கள் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் படத்தை எடுத்தார்கள்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஆறு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நூல் கிடங்கின் மாடியில் படம் போடுகிறோம். அறுபது நாற்காலி, ஒரு பழைய புரொஜெக்டர், வெள்ளை வேட்டித் துணியைத் தைத்த திரை. பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். மற்றவர்கள் சாயப்பட்டறை, மளிகைக் கடை, என் பழைய மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள். எனக்கு அறிவியல் புனைவில் பித்து. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒன்றாவது அந்த வகைப் படமாக இருக்கும். வெளிமொழிப் படம் என்றால் தமிழில் சப்டைட்டில் நானே எழுதுகிறேன். வரிக்கு வரி எழுதியவன் என்பதால் இந்தப் படங்களின் எலும்பு நரம்பு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தற்செயலாகக் கால இயந்திரம் செய்துவிடும் இரண்டு நண்பர்களைப் பற்றிய 'பிரைமர்' என்ற அமெரிக்கப் படம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஷேன் கரூத் எழுதி, இயக்கி, நடித்து, எடிட் செய்து, இசையும் அமைத்தது. கணிதம் படித்தவர், மென்பொருள் வேலையில் இருந்தவர், சினிமா எவரிடமும் பயின்றதில்லை. 2001இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரத்தைச் சுற்றி ஐந்து வாரத்தில் எடுத்தார். செலவு 7,000 டாலர். அன்றைய கணக்கில் மூன்று லட்சத்துச் சொச்சம் ரூபாய். பிலிம் விலை தாங்காது என்று ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஒரே டேக்கில் முடித்தார். எடுத்த பிலிமுக்கும் படத்தின் நீளத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எடிட்டிங்கில் கிடந்தார். 77 நிமிடப் படம். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் முதல் பரிசையும், அறிவியலைக் கையாளும் படத்துக்கான ஸ்லோன் பரிசையும் சேர்த்து வாங்கியது.

பரிசு வாங்கியதைச் சொல்ல இவ்வளவு எழுதவில்லை. அமெரிக்காவில் அது வெளியானபோது விமர்சகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அது உண்மையிலேயே தலை சுற்ற வைக்கிற படம். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் பேசுவார். பாத்திரங்களுக்குத் தெரிந்ததை நமக்காக யாரும் விளக்க மாட்டார்கள். கடைசி இருபது நிமிடத்தில் யார் எந்த நாளிலிருந்து வந்தவர் என்பதே குழம்பிவிடும். சில விமர்சகர்கள் எரிச்சல் பட்டார்கள், வேறு சிலர் வெறும் கணக்குப் புதிர் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் என்ன செய்தார்? தன்னால் முழுக்கப் பின்தொடர முடியவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். பார்க்கிறவர்கள் கூடவே வந்துவிடுவார்கள் என்று படம் வைக்கிற நம்பிக்கைதான் தன்னை மகிழ்வித்தது என்றும் எழுதினார். நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். எழுபதாயிரம் பிரதி விற்கும் பத்திரிகை ஆனாலும் ஏழு பேர் படிக்கும் பக்கம் ஆனாலும், ஒரு விமர்சகருக்கு இதைவிடப் பெரிய நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புரியாததைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். ஊரார் தலையில் கட்டவில்லை.

படம் அங்கே திரையரங்கில் நாலு லட்சத்துச் சொச்சம் டாலர்தான் வசூலித்தது. ஆனால் இன்றும் மக்கள் அதற்குக் காலக்கோடு வரைந்துகொண்டிருக்கிறார்கள். சுவரை அடைக்கும் அளவுக்குக் கூட.

எங்கள் மாடியில் 'பிரைமர்' போட்ட அன்று எனக்கே பயம் இருந்தது. சப்டைட்டில் எழுத இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் எந்த வரியைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று தூக்கம் கெட்டிருந்தேன். படம் தொடங்கும் முன் இரண்டே இரண்டு விஷயம் சொன்னேன். இந்த நண்பர்கள் தேடிப் போவது பொருளின் எடையைக் குறைக்கும் ஒரு கருவி, கிடைப்பது வேறொன்று. இரண்டாவது, கிடைத்த இயந்திரத்தில் ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமென்றால், அதற்குள்ளேயே ஆறு மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டும்.

இந்த இரண்டாவது யோசனைதான் படத்தின் உயிர். கால இயந்திரம் என்றால் ஒளி வெட்டும், சக்கரம் சுழலும், ஒரு நொடியில் வேறு யுகம் வந்துவிடும் என்று பழகியிருக்கிறோம். கரூத் அதற்கு விலை வைத்தார். காலத்தில் பின்னால் போக உன் ஆயுளிலிருந்து அதே அளவு காலத்தைக் கொடு என்றார். வாடகைக் கிடங்கு ஒன்றில் ஒரு பெட்டி, உள்ளே மூச்சுக்கு ஆக்சிஜன், இருட்டு. இயந்திரத்தைக் காலையில் ஓட விட்டு, பகல் முழுக்க ஒரு ஓட்டல் அறையில் போனை அணைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் பதுங்கி இருந்து, பிறகு பெட்டிக்குள் அதே நேரம் கிடந்து, காலையில் வெளியே வந்து, அதே பகலை மறுபடி வாழ வேண்டும். இதை எடுக்கக் கிராபிக்ஸ் காசு வேண்டாம். யோசனை மட்டும் வேண்டும்.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு மூன்றாவது வரிசையில் இருந்து, நைட் ஷிப்ட் தறி ஓட்டும் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கையைத் தூக்கிக் கேட்டார்.

"வாத்தியாருங்க, இவனுங்க ஒரே நாள்ல ரெண்டு ஷிப்டு பாக்கறானுங்க. சரிதானுங்க?"

சரிதான் என்றேன்.

"நமக்கு ஒரு நாள்னா அவனுங்களுக்கு ஒன்றரை நாள். நாலு நாள் இப்படிப் போனா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதான் கையெழுத்து கோணுது. ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்துட்டு அறுந்த இழையை முடிச்சுப் போட உக்காந்தீங்கன்னா தெரியும். விரல் நம்ம பேச்சக் கேக்காது."

படத்தில் அந்த இரண்டு நண்பர்களின் கையெழுத்து சிதைந்துபோகிறது, காதில் ரத்தம் வருகிறது. அது ஏன் என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்ன காரணத்தை நான் எங்கும் படித்ததில்லை. முழுச் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இயந்திரத்தின் கணக்கை, அந்த நாள் எப்படி நீள்கிறது என்பதை, அந்த அறையில் முதலில் பிடித்தவர் அவர்தான். பன்னிரண்டு மணி நேரத் தறி ஷிப்ட் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. எம்.எஸ்சி. படித்த எனக்கு மூன்றாவது முறை பார்த்தபோதுதான் விளங்கிய விஷயம்.

கடைசிப் பகுதி அவருக்கும் குழம்பிவிட்டது. எனக்கும் இன்னும் முழுக்கத் தெளியவில்லை. அதனால் என்ன? இரண்டு வாரம் டீக்கடையில் அதைத்தான் பேசினோம்.

இதைப் படிக்கும்போது, ஒரு ஊர், ஒரு மாடி, அறுபது நாற்காலியை வைத்து எல்லா ஊருக்கும் தீர்ப்பு எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். எல்லோரும் ரசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. நான் கேட்பது அதேதான்: பார்த்து முடிவு செய்யும் உரிமையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை விமர்சனத்துக்கு முந்தைய வாசலில் நடந்தது. 'தி வாஸ்ட் ஆஃப் நைட்'. ஒக்லஹோமாக்காரரான ஆண்ட்ரூ பேட்டர்சன், விளம்பரப் படங்களும் கூடைப்பந்து அணிக்கான குறும்படங்களும் எடுத்துச் சம்பாதித்த காசைப் போட்டு, ஏழு லட்சம் டாலரில் எடுத்தது. ஹாலிவுட்டில் அது ஒன்றுமே இல்லாத தொகை. 1950களில் நியூ மெக்சிகோவில் ஒரு கற்பனைச் சிற்றூர். ஊரே பள்ளிக் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருக்கிற இரவு. உள்ளூர் வானொலியில் பேசும் ஒரு பையன், தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கம்பியில் ஒரு விநோதச் சத்தம் வருகிறது. அவ்வளவுதான் தொடக்கம்.

18 விழாக்கள் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பின. பத்தொன்பதாவதாகக் கதவைத் திறந்தது 2019இல் ஸ்லாம்டான்ஸ், அங்கே பார்வையாளர் விருது வாங்கியது. பிறகு அமேசான் வாங்கி, 2020 மே மாதம், கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது, காரில் உட்கார்ந்து பார்க்கும் திறந்தவெளி அரங்குகளிலும் இணையத்திலும் வெளியிட்டது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பார்வையாளர் கண்ணில் பட்டதும் அவர்கள் ஏற்றுக்கொண்ட படத்துக்குத்தான், பார்வையாளருக்கு முன்னால் நிற்கும் 18 கதவுகள் மூடியிருக்கின்றன. அந்தக் கதவுகளில் ஒன்றாக நீங்களும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

அந்தப் படத்தில் இணைப்பகத்துப் பெண் சுவிட்ச்போர்டின் முன் உட்கார்ந்து கம்பிகளைச் செருகிச் செருகி எடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு நெருக்கமாக வெட்டே இல்லாமல் போகும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவள் ஒவ்வொரு இணைப்பாகத் தேடுவாள். கேமரா ஆட்டமில்லாமல் மெல்ல அவளை நெருங்கும். எங்கள் கூட்டத்துக்கு ஓர் அம்மா தவறாமல் வருவார், தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர் அழைப்பை ஆபரேட்டரே இணைத்துத் தந்த டிரங்கு கால் காலத்தவர். படம் ஓடும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த அவர் வலது கை அசைந்துகொண்டிருந்தது. திரையில் அந்தப் பெண் கம்பியைச் செருகும்போதெல்லாம் இவர் விரல்களும் சேர்ந்து மடியில் எதையோ செருகின. அவருக்கே அது தெரியவில்லை.

"லைன்ல சத்தம் மாறுனா எங்களுக்கு வயித்துல தெரியும் சார்," என்றார் பிற்பாடு. "அந்தப் பொண்ணு முகத்துல அது இருந்தது. நானும் ஒரு நாள் ராத்திரி இப்படி ஒரு சத்தம் கேட்டுட்டு விடியற வரைக்கும் தேடியிருக்கேன். கடைசில மழைத் தண்ணி."

அதே படத்தில் இன்னொரு இடம். வானொலி நிலையத்துக்கு ஒருவர் போன் செய்து, தான் ராணுவத்தில் இருந்தபோது பாலைவனத்தில் செய்த ஒரு ரகசிய வேலையைப் பற்றிச் சொல்கிறார். அவர் பேசப் பேச, திரை இருண்டுவிடுகிறது. முழு இருட்டு. குரல் மட்டும் வருகிறது. எங்கள் பையன் ஒருவன் கேபிள் கழன்றுவிட்டது என்று எண்ணி ஓடிப்போய் புரொஜெக்டரைத் தடவினான். நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். வெளியே தறிச் சத்தம், உள்ளே இருட்டில் ஒரு மனிதனின் குரல். அறுபது பேரும் கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஆள் சொல்கிறார்: அந்த வேலைக்கு எங்களைப் போன்ற கறுப்பர்களையும் மெக்சிகோக்காரர்களையும் தான் பொறுக்கி எடுத்தார்கள், நாங்கள் வெளியே சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள் என்பதால். வேற்றுக்கிரகவாசி பற்றிய படம் சட்டென்று யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்கிற படமாக மாறும் இடம் அது. எங்கள் மாடியில் அந்த இடத்தை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

(கடைசியில் வானத்தில் இருப்பதைக் காட்டியிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதுவரை காதால் கட்டியதைக் கண்ணால் கொஞ்சம் கலைத்துவிட்டார்கள். இதைச் சொல்லும் விமர்சனம் வந்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.)

இங்கே இன்னொரு வார்த்தையைப் பற்றியும் பேச வேண்டும்: 'பட்ஜெட்டுக்குப் பரவாயில்லை'. இதை நீங்கள் அன்போடுதான் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஏழை வீட்டுப் பையன் அறுபது மார்க் வாங்கினால் போதும் என்று ஓர் ஆசிரியர் சொல்வதைப் போல இருக்கிறது. அப்படிச் சொல்லும் ஆசிரியர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களுக்கு அது எவ்வளவு கெடுதல் என்றும் பார்த்திருக்கிறேன். காசு இல்லாததால் படத்தில் என்ன குறைந்தது என்று மட்டும் பார்க்கிறீர்கள். என்ன பிறந்தது என்று பாருங்கள். திரையை இருட்டாக்கியது, சுவிட்ச்போர்டின் முன்னால் கேமராவை நிறுத்தி வைத்தது, ஆறு மணி நேரத்துக்கு ஆறு மணி நேரம் என்று விலை வைத்தது: ஒவ்வொன்றும் கை கட்டப்பட்ட நிலையில் தோன்றிய வழி.

பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965இல் 'ஆல்ஃபாவில்' என்ற படத்தை எடுத்தபோது எதிர்கால நகரம் ஒன்றைக் கட்டவில்லை; அன்றைய பாரிஸின் புதுக் கண்ணாடிக் கட்டடங்களை இரவில் படம் பிடித்து இதுதான் அந்த நகரம் என்றார். பெர்லின் விழா தங்கக் கரடி கொடுத்தது. ஜேம்ஸ் வார்டு பிர்கிட் 'கோஹரன்ஸ்' படத்தைத் தன் வீட்டிலேயே ஐந்து இரவில், ஐம்பதாயிரம் டாலரில் எடுத்தார். நடிகர்களிடம் முழு வசனம் கிடையாது. அன்றன்று அவரவர் பாத்திரத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று உண்மையிலேயே எவருக்கும் தெரியாது. விருந்துக்கு வந்த எட்டு நண்பர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான முறை ஏது? அந்தப் படத்தின் தொடக்கத்தில் கேமரா ஆடுகிற ஆட்டம் எனக்குத் தலைவலி தந்தது. அதையும் எழுதலாம், எழுத வேண்டும். 'பிரைமர்' படத்தில் பெண்கள் வெறும் ஓரத்து நிழல்களாக வந்து போவதைக் கேளுங்கள். சின்னப் படம் என்று குறையை விழுங்கவும் வேண்டாம், சின்னப் படம் என்று குணத்தைப் பார்க்காமல் விடவும் வேண்டாம்.

நீங்கள் விட்டுவிட்ட இடத்தில் இப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். இம்மாதிரிப் படங்களின் முழுக் கதையையும் முடிவு உட்பட பதினைந்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடும் காணொளிகள். என் மாணவர்கள் பாதிப் பேருக்கு இந்தப் படங்கள் அறிமுகமானதே அப்படித்தான். நான் அவர்களைத் திட்ட மாட்டேன். தறி ஓட்டிக்கொண்டே காதில் அதைக் கேட்கும் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கதைகள் மேல் பசி இருக்கிறது. சி சென்டருக்குப் புரியாது என்று எழுதிவிட்டு நீங்கள் நகர்ந்த அதே கதையை, அதே சி சென்டர் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதில் அந்த இருட்டுத் திரை கிடையாது. அந்த அம்மாவின் விரல்கள் அசைவதற்கு அங்கே எதுவும் இல்லை.

விமர்சகர்கள் அதிகம் எட்டிப் பார்க்காமலே மக்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பிய படமும் உண்டு. 'தி மேன் ஃப்ரம் எர்த்': ஒரே அறையில், கணப்புக்கு முன் உட்கார்ந்து பேசும் பேராசிரியர்கள், அவர்களில் ஒருவர் தான் பதினாலாயிரம் வருடமாக உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார். ஜெரோம் பிக்ஸ்பி 1998இல் மரணப் படுக்கையில் முடித்த கதை, 2007இல் படமானது. அனுமதியில்லாமல் இணையத்தில் பகிர்ந்தவர்களுக்கே அதன் தயாரிப்பாளர் வெளிப்படையாக நன்றி சொன்னார், ஏனென்றால் படத்தைப் பற்றி ஊருக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஒரு தயாரிப்பாளர் அந்த நிலைக்கு வந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த வேலை உங்களுடையது.

தமிழில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2015இல் ரவிக்குமாரின் முதல் படம் 'இன்று நேற்று நாளை' வந்தது. கால இயந்திரம் கையில் கிடைத்த இரண்டு பேர் அதை வைத்துக் காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லி ஜோசியத் தொழில் நடத்துவார்கள். எதிர்காலத்து இயந்திரம் நம் ஊர்த் தெருவில் விழுந்தால் முதலில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட உண்மையான பதில் இல்லை. நீங்களும் நன்றாக எழுதினீர்கள், எங்கள் ஊரிலும் ஆரவாரமாக ஓடியது. புரியவில்லை என்று ஒருவரும் எழுந்து போனதாக எனக்கு நினைவில்லை. அதே இயக்குநரின் அடுத்த படம் திரைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்தத் தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் முதல் படம் எடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் எத்தனையோ பேருக்கு, தயாரிப்பாளரின் மேஜையில் உங்கள் வரிதான் கிடக்கிறது. எங்களைக் காட்டி நீங்கள் எழுதிய வரி.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். உங்களுக்குப் புரியவில்லை என்றால், எனக்குப் புரியவில்லை என்று எழுதுங்கள். எந்த இடத்தில் கை நழுவியது என்றும் எழுதுங்கள். அந்த இடத்தைப் படித்துவிட்டுத்தான் நான் படத்துக்கே போவேன். 'பி, சி சென்டர்' என்ற சொல்லை வியாபாரப் பக்கத்துக்கு விட்டுவிடுங்கள். சின்னப் படத்துக்கு வெள்ளிக்கிழமை மதியமே நட்சத்திரம் போட்டே ஆக வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் கேட்டால், திங்கட்கிழமை இன்னொரு முறை எழுத ஒரு பத்தி இடம் கேட்டு வாங்குங்கள். 'பிரைமர்' மாதிரி ஒரு படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்ல யாராலும் முடியாது, உங்களாலும்தான். முதல் மூன்று நாளாவது கதையின் முடிவை வெளியே சொல்லாதீர்கள்.

ஒருமுறை எங்கள் மாடிக்கும் வாருங்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு, மாலை ஆறரை மணி. ஆரத்தி கடாவ் இயக்கிய 'கார்கோ' என்ற இந்திப் படம் போடுகிறோம். புஷ்பக் என்று ஒரு விண்கலம். செத்துப்போனவர்களின் நினைவைத் துடைத்து, காயத்தை ஆற்றி, அடுத்த பிறவிக்கு அனுப்பி வைக்கும் வேலை. அதைச் செய்கிறவர்கள் நம் புராணத்து ராட்சசர்கள். பழைய அரசாங்க அலுவலகம் போல இருக்கும் அந்தக் கலம், அவ்வளவு அழகு. சப்டைட்டில் இன்னும் முடியவில்லை. 'ராட்சசன்' என்று போட்டால் சண்டைக்காரன் மாதிரி கேட்கிறது, 'அரக்கன்' என்றாலும் அப்படியே. அந்த ஆபரேட்டர் அம்மாவிடம் கேட்டேன். படத்தில் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, "ராத்திரி டியூட்டிக்காரங்க" என்றார். அதை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈரோடு பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிபாளையத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. பாலம் தாண்டியதும் இறங்கி நூல் கிடங்கு எது என்று கேட்டால் காட்டுவார்கள். மூன்றாவது வரிசையில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன். படம் முடிந்த பிறகு பேச்சு ஒரு மணி நேரமாவது போகும், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பள்ளிபாளையத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்